கை கழுவுவதில்லை, பூட்டை இழுத்துப் பார்ப்பதில்லை, எல்லாமே மனசுக்குள்தான். இதுவும் ஓசிடியா?

நிலாமுற்றம்:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

முதல் பிரசவம் முடிந்து அம்மா வீட்டில் இருக்கிறேன். ஒருநாள் அரிவாள்மனையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தூளியில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று, எழுதவே கை நடுங்குகிறது, அவளை நானே வெட்டுவது மாதிரி ஒரு காட்சி மனசில் வந்து போனது. ஒரு நொடிதான். காயை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைப்புறம் ஓடிவிட்டேன்.

அன்றிலிருந்து அது விடவே இல்லை. அரிவாள்மனையைப் பரணில் போடச் சொல்லிவிட்டேன். ஏன் என்று அம்மா கேட்டதற்கு முதுகுவலி என்றேன். பாப்பாவைக் குளிப்பாட்டுவதையும் அம்மாவிடம் தள்ளிவிட்டேன். காட்சி வரும்போதெல்லாம் ‘முருகா முருகா’ என்று சொல்லி, அவள் சிரிக்கிற மாதிரி ஒரு நல்ல காட்சியை அதன்மேல் வைப்பேன். அது சரியாக உட்காரவில்லை என்று தோன்றினால் மறுபடி முதலிலிருந்து. அப்புறம் என்னையே சோதித்துப் பார்ப்பேன். இது வந்தபோது எனக்குப் பயம் வந்ததா? வந்தது. நிஜமாகவே வந்ததா, நானே வரவழைத்துக்கொண்டேனா? இப்படியே பாதி ராத்திரி போய்விடுகிறது.

ஓசிடி (வேண்டாத எண்ணமும் அதற்கான செய்கையும் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் மனநோய்) என்றால் கை கழுவிக்கொண்டே இருப்பார்கள், கதவைப் பூட்டியாச்சா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள் என்றுதான் படித்திருக்கிறேன். நான் அப்படி எதுவும் செய்வதில்லை. அப்படியானால் இது என்ன? நான் கெட்டவளா? கணவரிடம் சொன்னால் குழந்தையை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

---

வைகைக்கரை:

அழாதீர்கள் தங்கச்சி. பெற்ற தாய் அப்படிச் செய்வாளா? நீங்கள் ஒருநாளும் செய்ய மாட்டீர்கள், நான் உறுதியாகச் சொல்கிறேன். எண்ணம் வந்தால் மனசை வேறு பக்கம் திருப்புங்கள். பாட்டுக் கேளுங்கள், கந்த சஷ்டி கவசம் போட்டுவிடுங்கள். பச்சை உடம்பு, தூக்கமில்லாததால் வருவது. சரியாகிவிடும்.

---

ஆலமரநிழல்:

சகோதரி, நான் அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் சைக்காலஜிஸ்டாக இருக்கிறேன். இங்கே எழுதியதை மட்டும் வைத்து உங்களுக்கு இன்ன நோய் என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது எங்கள் அறையில் அடிக்கடி கேட்கிற விஷயம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அவசரமான ஒன்று. பிரசவத்துக்குப் பின் அபூர்வமாக சைக்கோசிஸ் என்ற வேறொரு நிலை வரும். யாரோ பேசுவது காதில் கேட்கும். குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் வரும், அவை அந்தத் தாய்க்கு நியாயமாகவே தெரியும். தூங்காமலே சுறுசுறுப்பாக இருப்பார், அல்லது இடம் காலம் புரியாமல் குழம்புவார். இதில் எது தெரிந்தாலும் வீட்டார் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. உங்களுக்கோ மற்றவர்களுக்கோ உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தாலும் அப்படியே.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1978இல் லண்டனில் ஸ்டான்லி ராக்மன், இலங்கையில் பிறந்த பத்மால் டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எந்த நோயும் இல்லாத சாதாரண ஆட்களிடம், ‘வேண்டாத எண்ணம், அருவருப்பான எண்ணம் உங்களுக்கு வருவதுண்டா?’ என்று கேட்டார்கள். பெரும்பாலோர் ஆமாம் என்றார்கள். அந்த எண்ணங்களையும் நோயாளிகளின் எண்ணங்களையும் கலந்து வைத்தால், எது யாருடையது என்று நிபுணர்களாலேயே எளிதாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2014இல் 13 நாடுகளில் 777 மாணவர்களிடம் இதையே கேட்டபோது 94 சதவீதம் பேர், முந்தைய மூன்று மாதத்துக்குள் அப்படி ஒன்றாவது வந்தது என்றார்கள். கனடாவில் புதுத் தாய்மார்களிடம் செய்து 2008இல் வெளியான ஆய்வில், குழந்தையைத் தானே வேண்டுமென்று காயப்படுத்துவது போன்ற எண்ணம் வந்ததாக ஏறக்குறைய பாதிப் பேர் சொன்னார்கள்.

ஆக, அந்தக் காட்சி வருவது நோய் இல்லை. வந்த காட்சிக்கு நாம் சொல்லும் பதில்தான் நோயை வளர்க்கிறது. 1985இல் பால் சல்கோவ்ஸ்கிஸ் இதை விளக்கினார். ஒருவருக்குக் காட்சி வருகிறது, ‘சே, என்ன நினைப்பு இது’ என்று வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். இன்னொருவர், ‘இப்படி நினைத்தேனே, அப்படியானால் நான் யார்? இதைத் தடுக்கும் பொறுப்பு என்னுடையது அல்லவா?’ என்று அதைக் கையில் எடுத்துக்கொள்கிறார். பாசமும் பொறுப்பும் கூடிய ஆட்கள்தான் பெரும்பாலும் இதில் மாட்டுவது. அவர்களுக்கு எது உயிரோ அதைப் பிடித்துக்கொண்டுதான் எண்ணமும் வரும்.

‘நான் எதுவும் செய்வதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். முருகா முருகா, நல்ல காட்சியைப் போட்டு மூடுவது, பயம் வந்ததா என்று சோதிப்பது, அரிவாள்மனையைப் பரணுக்கு அனுப்பியது, இதெல்லாம் செய்கைதான். வெளியே தெரியாதே தவிர, கை கழுவுவது செய்யும் அதே வேலையை இவையும் செய்கின்றன. ஒரு நிமிட நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதியைப் பார்த்து மூளை, ‘ஓ, இது உண்மையான ஆபத்துதான் போல, அதனால்தான் இவ்வளவு பாடுபட்டுத் தடுத்தோம்’ என்று எடுத்துக்கொள்ளும். அடுத்த தடவை அந்த அபாய மணி இன்னும் சத்தமாக அடிக்கும்.

இணையத்தில் இந்த வகைக்கு, வெறும் எண்ணம் மட்டும் என்ற பொருளில், ப்யூர் ஓ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மருத்துவத்தில் அது தனி நோய் இல்லை, ஓசிடியேதான். சிகிச்சையும் அதேதான். நன்றாகவே குணம் தெரியும்.

---

பனங்காடு:

அண்ணன் சொன்னதை அப்படியே வாழ்ந்தவன் நான். எனக்கு வந்தது சாமியைப் பற்றி.

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் தீபாராதனை காட்டும்போது, அம்மன் முகத்தைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு கெட்ட வார்த்தை வரும். இங்கே எழுத முடியாத வார்த்தை. உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்பேன். அந்த மன்னிப்புக்கு நடுவிலேயே மறுபடி அந்த வார்த்தை வரும். அந்த மன்னிப்பு செல்லாது என்று புதிதாக ஒன்று. எல்லாரும் பிரசாதம் வாங்கிக்கொண்டு போன பிறகும் நான் தூண் ஓரமாக நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருப்பேன். பக்தி முற்றிய பையன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஜோசியர் பரிகாரம் சொன்னார், செய்தோம். பரிகாரம் சரியாக நடந்ததா என்பது அடுத்த சந்தேகமாக வந்தது. கடைசியில் கோயில் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். காலண்டரில் சாமி படம் இருந்தால்கூடத் திருப்பிவைப்பேன்.

சிகிச்சையில் என்ன செய்யச் சொன்னார்கள் தெரியுமா? கோயிலுக்குப் போ. அம்மனைப் பார். வார்த்தை வந்தால் வரட்டும். மன்னிப்புக் கேட்காதே, கன்னத்தில் போடாதே, அடுத்த வார்த்தையால் அழிக்காதே. எல்லாரும் எவ்வளவு நேரம் நிற்கிறார்களோ அவ்வளவு நேரம் நின்றுவிட்டு வெளியே வா. அதற்கு முன்னால் சின்னச் சின்ன படிகள்: முதலில் காலண்டர் படம், அப்புறம் தெருமுனைப் பிள்ளையார், கடைசியில்தான் கருவறை. முதல்நாள் கருவறை முன்னால் நின்றபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மன்னிப்புக் கேட்காமல் வெளியே வந்து செருப்பை மாட்டியபோது, ஏதோ பெரிய பாவம் செய்துவிட்டு நடப்பதாகத் தோன்றியது. வீடு வரும்வரை அந்தப் படபடப்பு இருந்தது. நான் எதுவும் செய்யாமலே சாயங்காலத்துக்குள் அது தானாக இறங்கியதைப் பார்த்ததுதான் எனக்குப் பெரிய பாடம். பிறகு ஒவ்வொரு தடவையும் சீக்கிரமாக இறங்கியது.

இப்போதும் எப்போதாவது அந்த வார்த்தை வரும். வந்துவிட்டுப் போகட்டும் என்று சுண்டலை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

---

செங்காந்தள்:

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இது ஏற்கவில்லை. கெட்ட எண்ணத்தை வரவிடு என்று சொல்வது எப்படி வைத்தியமாகும்? நாளைக்கு அந்தப் பெண்ணிடம் அரிவாள்மனையைக் கொடுத்து, குழந்தை பக்கத்தில் உட்கார் என்பீர்களா? எண்ணத்தை அடக்கப் பழகுவதுதானே நம் முறை? தியானம், மூச்சுப்பயிற்சி எல்லாம் இருக்கிறதே.

---

ஆலமரநிழல்:

நியாயமான கேள்வி. குடும்பத்தார் எல்லோரும் கேட்பதும் இதுதான்.

குரங்கை நினைக்காமல் மருந்து சாப்பிடச் சொன்ன வைத்தியர் கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1987இல் அமெரிக்காவில் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் அதையே பரிசோதனையாகச் செய்தார். வெள்ளைக் கரடியை ஐந்து நிமிடம் நினைக்காதீர்கள், நினைத்தால் மணி அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம், அப்படி அடக்கியவர்களுக்கு, பிறகு ‘இப்போது நினைக்கலாம்’ என்றபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது. ஒரு காலத்தில் மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டு, எண்ணம் வந்தால் சுண்டிவிட்டு ‘நில்!’ என்று சொல்லும் முறையை மருத்துவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். ஓசிடிக்கு இன்று அதைப் பரிந்துரைப்பதில்லை. எண்ணத்தை விரட்டுகிற இன்னொரு சடங்காக அது மாறிவிடுகிறது.

தியானமும் அப்படித்தான். உடம்பு தளர்வதற்காக, மனசைக் கவனிப்பதற்காகச் செய்தால் நல்லது. அந்த எண்ணத்தை அழிப்பதற்கென்று, எண்ணம் வந்தவுடன் ஓடிப்போய்ச் செய்தால் அதுவும் முருகா முருகாவின் இடத்தில்தான் போய் உட்காரும்.

இந்தச் சிகிச்சைக்கு ஈஆர்பி என்று பெயர். பயப்படும் விஷயத்தை எதிர்கொள்வது, எதிர்கொண்டபின் வழக்கமான சடங்கைச் செய்யாமல் இருப்பது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இதற்குத் தொடக்கம். அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தது பனங்காடு எழுதியதைப் போன்ற தெய்வ நிந்தனை எண்ணங்கள். கண்ணுக்குத் தெரியும் சடங்கு இல்லாதவர்களுக்கு இது உதவுமா என்ற சந்தேகம் ரொம்ப காலம் இருந்தது. 1997இல் கனடாவின் கியூபெக்கில் ஃபிரீஸ்டன் குழுவினர் அப்படிப்பட்ட 29 பேருக்குச் சிகிச்சை கொடுத்து நல்ல பலன் கிடைத்ததைக் காட்டினார்கள். அதில் ஒரு பகுதி இது: எண்ணத்தைத் தன் குரலிலேயே பதிவுசெய்து, அது திரும்பத் திரும்ப ஓடக் கேட்பது, கேட்கும்போது மனசுக்குள் எந்தப் பதிலும் சொல்லாமல் இருப்பது. இப்போது எல்லோர் கையிலும் போன் இருப்பதால் இது சுலபம்.

குழந்தை பக்கத்தில் அரிவாள்மனை என்று கேட்டீர்கள். யாரையும் ஆபத்தில் வைப்பதோ, பாவம் என்று அவர் நம்புவதைச் செய்யச் சொல்வதோ சிகிச்சை ஆகாது. பாப்பா வீட்டில் இருக்கும்போது அந்த வீட்டு அம்மா காய் நறுக்குவது எல்லா வீட்டிலும் நடப்பது. அந்தச் சாதாரண வாழ்க்கைக்குத் திரும்புவதுதான் இலக்கு. அதையும் ஒரே நாளில் இல்லை, ஏணி மாதிரிப் படிகள் போட்டு, எளிதானதிலிருந்து தொடங்குவோம். முதலில் மருத்துவர் பார்த்து இது ஓசிடிதான் என்று சொன்ன பிறகு.

---

மல்லிகைப்பூ:

எங்கள் முஸ்லிம் வீடுகளில் இதை வஸ்வாஸ் என்போம். என் அக்காவுக்கு ஒளுச் செய்தால் (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) முறிந்துவிட்டதோ என்ற சந்தேகம், தொழுகையில் நிய்யத் (தொழப்போகிறேன் என்று மனசில் உறுதிகொள்வது) சரியாக வைத்தோமா என்ற சந்தேகம், அத்துடன் அல்லாஹ்வைப் பற்றி வாயால் சொல்ல முடியாத எண்ணங்கள். ஈமான், அதாவது இறைநம்பிக்கை, போய்விட்டது என்றே நம்பினாள். எங்கள் பள்ளிவாசல் மார்க்க அறிஞர், ஹஸ்ரத், நல்ல மனிதர். ‘மறுபடி ஒளுச் செய்யாதே, சந்தேகத்தோடே தொழு’ என்றார். நபித் தோழர்களே, வாயால் சொல்லவும் அஞ்சும் எண்ணங்கள் வருவதாக நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள் என்றும், அந்த அச்சத்தை ஈமானின் அடையாளம் என்றுதான் நபியவர்கள் சொன்னார்கள் என்றும் எடுத்துச் சொல்லி, டாக்டரிடமும் போகச் சொன்னார். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அக்கா மாத்திரையைத் தொட்டிருக்கவே மாட்டாள். மார்க்கம் தெரிந்த பெரியவர்களும் பூசாரிகளும் பாதிரியார்களும் இந்த நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். பாதிப் பேர் முதலில் போய் நிற்பது அவர்கள் வாசலில்தான்.

---

நிலாமுற்றம்:

எல்லாரும் எழுதியதை வாசித்து அழுதுவிட்டேன். ரொம்ப நன்றி. ஆனால் என் விஷயம் வேறு மாதிரியோ என்று தோன்றுகிறது. இன்றைக்குக் காலையில் காட்சி வந்தபோது எனக்குப் பயமே வரவில்லை. சும்மா இருந்தது. அப்படியென்றால் எனக்கு அது பழகிப்போய்விட்டதா? உள்ளுக்குள் விருப்பம் இருக்கிறதா? ஆலமரநிழல் அண்ணா, நான் செய்ய மாட்டேன் என்று ஒரே ஒரு தடவை உறுதியாகச் சொல்லுங்கள், அது போதும்.

---

வைகைக்கரை:

செய்யவே மாட்டீர்கள் தங்கச்சி! எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன்.

---

ஆலமரநிழல்:

நிலாமுற்றம், உங்கள் மேல் அக்கறை இருப்பதால்தான் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. கோபப்படாதீர்கள்.

முதல் பதிவில் ‘நான் கெட்டவளா?’ என்று கேட்டீர்கள். இல்லை என்று வைகைக்கரை உறுதியாகச் சொன்னார். கொஞ்சம் நிம்மதி வந்திருக்கும். இன்று ‘என் விஷயம் வேறு மாதிரியோ?’ என்று வந்திருக்கிறது. இப்போது நான் உறுதி சொன்னால், இரவே ‘நான் எதையோ சொல்லாமல் விட்டுவிட்டேன், முழுவதும் தெரிந்திருந்தால் அண்ணன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்’ என்று ஒன்று வரும். அடுத்தவரிடம் உறுதி கேட்பதும் ஒரு சடங்குதான். அன்றைக்குப் பயம் வந்ததா என்று சோதித்தீர்கள், இன்றைக்குப் பயம் வராததைச் சோதிக்கிறீர்கள். எது வந்தாலும் அதை உங்களுக்கு எதிரான சாட்சியாக மாற்றிக்கொள்ளும், அதுதான் இந்த நோயின் குணம்.

அடுத்த முறை அந்தக் கேள்வி எழும்பும்போது, ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இப்போது இதற்குத் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை’ என்று விட்டுவிட்டு, கையில் இருந்த வேலையைத் தொடருங்கள். அந்த நிச்சயமின்மை கசக்கும். சிகிச்சையின் பெரும்பகுதி அந்தக் கசப்போடு இருக்கப் பழகுவதுதான்.

---

சாரல்மழை:

கணவன் என்ற முறையில் இதையே எழுத வந்தேன். என் மனைவிக்கு வேறு விதமான எண்ணம், ஆனால் ராத்திரி படுத்ததும் ‘உறுதியாகச் சொல்லுங்கள்’ என்று தொடங்குவாள். சொல்லச் சொல்ல நீளும். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாலும் நிலைமை மோசமாகும், திட்டினால் இன்னும் மோசம். எங்களை ஒன்றாக உட்காரவைத்து ஒரு வழி சொன்னார்கள். நல்ல நேரத்தில் இருவரும் பேசி முடிவெடுத்த ஒரே வாக்கியம்: ‘இது ஓசிடி கேட்கிற கேள்வி, பதில் சொன்னால் உனக்குத்தான் கஷ்டம், நான் இங்கேதான் இருக்கிறேன்.’ அதைச் சொல்லிவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்வேன். முதலில் கோபித்துக்கொண்டாள். போகப்போகக் கேள்வி குறைந்தது.

நிலாமுற்றம் வீட்டுக்காரரிடம் சொல்லத் தயங்க வேண்டாம். அவர் பக்கத்தில் இருப்பது சிகிச்சைக்குப் பாதி பலம்.

---

பனங்காடு:

மாத்திரையைப் பற்றி யாரும் எழுதவில்லையே. ஈஆர்பிக்கு முன்னால் நான் மாத்திரையில்தான் தொடங்கினேன். அப்போது உட்கார்ந்து பயிற்சி செய்கிற நிலையிலேயே நான் இல்லை. எல்லோரும் பயமுறுத்தியதுபோல அடிமையாகவும் இல்லை, எந்நேரமும் தூங்கிக்கொண்டும் இல்லை. ஆரம்பத்தில் வயிறு கொஞ்சம் சங்கடம் செய்தது, அவ்வளவுதான்.

---

ஆலமரநிழல்:

மருந்து எழுதுவது மனநல மருத்துவர்தான், நான் இல்லை. பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஃபுளுவாக்சிடின், ஃபுளுவாக்சமின், செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற, மனச்சோர்வுக்கும் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள்தான் முதலில். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட ஓசிடிக்குப் பெரும்பாலும் அளவு கூடுதலாகத் தேவைப்படும். பலன் தெரியவும் நாளாகும். சரியான அளவில் 10, 12 வாரமாவது பார்த்த பிறகுதான் பலிக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். இவற்றில் கேட்காவிட்டால் குளோமிபிரமின் என்ற பழைய மருந்து உண்டு, அதற்கு இசிஜி பார்த்துக்கொள்வார்கள். குணமானபிறகும் ஓரிரு வருடம் தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போது படிப்படியாக, மருத்துவரிடம் சொல்லி. தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு காலம் தள்ளுவது ஓசிடிக்கு வைத்தியம் இல்லை.

நிலாமுற்றம் தாய்ப்பால் கொடுக்கிறார் என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். செர்ட்ரலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலப்பதால், பால் கொடுக்கும் தாய்மார்களுக்குப் பெரும்பாலும் அதைத்தான் முதலில் யோசிப்பார்கள். மருந்து என்றதும் பாலை நிறுத்தத் தேவையில்லை.

---

செங்காந்தள்:

விளக்கத்துக்கு நன்றி. குரங்குக் கதையைச் சின்ன வயசிலிருந்து கேட்டிருந்தும் இங்கே பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை. பணம் இல்லாதவர்கள் எங்கே போவது? எங்கள் பக்கம் கவுன்சிலிங் என்றாலே ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள்.

---

ஆலமரநிழல்:

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம். சிக்கலான ஓசிடிக்கென்றே பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனையில் தனி கிளினிக் நடக்கிறது. எங்கே போவது என்றே தெரியாதவர்கள் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குப் பேசலாம். எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசுவார்கள், கட்டணம் இல்லை. ஈஆர்பி முறையாகப் பயின்றவர்கள் நம் ஊர்களில் குறைவுதான், அது உண்மையான கஷ்டம். அதனால் யாரிடம் போனாலும், ‘ஓசிடிக்கு ஈஆர்பி செய்வீர்களா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். சின்ன வயசுக் கதையைக் கேட்டுக்கொண்டே மாதக்கணக்கில் இழுப்பவரிடமும், ‘நல்லதையே நினை’ என்று அனுப்புகிறவரிடமும் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

---

நிலாமுற்றம்:

நேற்று ராத்திரி அவரிடம் சொல்லிவிட்டேன். இந்த இழையையே போனில் வாசிக்கக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், ‘இதையா இத்தனை நாளா தனியா வச்சுக்கிட்டு இருந்த?’ என்று கேட்டார். வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம். ஆனால் அங்கே கூட்டமாக இருக்கும், ஐந்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. வாய்விட்டு அந்தக் காட்சியைச் சொல்ல என்னால் முடியுமா என்று தெரியவில்லை. டாக்டர் அதிர்ச்சி ஆகிவிட்டால்?

---

ஆலமரநிழல்:

ஆக மாட்டார். ஓசிடியை அளக்க உலகம் முழுவதும் பயன்படுத்தும் யேல்-பிரவுன் அளவுகோல் என்ற ஒன்று 1989லிருந்து இருக்கிறது. அதோடு வரும் பட்டியலில், அன்பானவர்களைக் காயப்படுத்திவிடுவோமோ என்ற பயம், மனசில் வரும் கொடூரக் காட்சிகள், தெய்வ நிந்தனை, தகாத பாலியல் எண்ணங்கள் எல்லாம் வரிசையாக அச்சிட்டே இருக்கின்றன. நீங்கள் சொல்லப்போவது அவர் படித்த பாடத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். என்ன காட்சி, எப்போதிலிருந்து, ஒரு நாளில் எவ்வளவு நேரத்தை அது தின்கிறது. காட்சி வந்தால் மனசுக்குள் என்னென்ன செய்கிறீர்கள் (இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், இதுதான் முக்கியம்). எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள்: அரிவாள்மனை, குளிப்பாட்டுவது. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, உயிரை விடலாம் என்று தோன்றியதுண்டா. தாய்ப்பால் கொடுக்கிறீர்களா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள். குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா. பேச வராவிட்டால் தாளை நீட்டினால் போதும். நீங்கள் இங்கே எழுதிய முதல் பதிவையே பார்த்து எழுதினாலும் சரி.

மருத்துவமனையில் சைக்காலஜிஸ்ட் இருக்கிறாரா, எந்தக் கிழமை வருகிறார் என்று அன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாம். போகும் வழியில் நீங்களே அவளைத் தூக்கிக்கொள்ளுங்கள்.